ஒரு ஸ்டாப் கூடுதல்

திருக்கடையூரில் இரண்டு அறுபதாம் கல்யாணம்
மழையால் கைநழுவிய வாரம்
தரங்கம்பாடியிலிருந்து கூப்பிட்டார்கள்:
ஒரு புத்தகத்தைப் படம் எடுக்க வேண்டும்,
பக்கிரிசாமி, ஃப்ளாஷ் கூடாது.

புத்தகம் என்றார்கள். பெட்டியைத் திறந்ததும்
வந்தது ஆட்டு வாடை.
இருநூற்றுப் பதினாலு ஏடு, எல்லாம் தோல்.
ஒருபுறம் மயிர்க்கால் புள்ளி, மறுபுறம் வழவழப்பு.
மயிர்ப்புறம் மயிர்ப்புறத்தையே பார்க்கும்,
சதைப்புறம் சதைப்புறத்தையே;
தைத்தவன் வைத்த ஒழுங்கு அது.
ஓரிடத்தில் ஓட்டை.
ஆடு உயிரோடிருந்தபோது பூச்சி கடித்ததாம்.
வயல் நடுவே நிற்கும் பனையைச் சுற்றி
ஏர் போவதுபோல
எழுதியவன் சுற்றிக்கொண்டு போயிருக்கிறான்.

ஞானசுகிர்தம் கிரேக்கம் படித்தவர்.
கையுறை வேண்டாம்,
கழுவித் துடைத்த வெறுங்கைதான் நல்லது என்றார்.
எனக்கு அந்த எழுத்து
ஈரமணலில் நண்டு ஓடிய தடம்.

எங்கிருந்து வந்தது?
கடைசி ஏடு இல்லை.
எழுதியவன் பேரும் ஊரும் அதில் இருந்திருக்கலாம்.
டேனிஷ்காரர்களின் சரக்குப் பட்டியல் ஒன்றில்
சாராயப் பீப்பாய்க்கும் ஆணி மூட்டைக்கும் நடுவே
பழைய கிரேக்கப் புத்தகம், அட்டை இல்லை
என்று ஒரு வரி.
அதற்கு முன்னால் அறுநூறு வருஷம் இருட்டு.
மேட்டூரில் திறந்த தண்ணீர்
எத்தனை மதகில் நின்றது, யார் யாருக்குச் சண்டையானது,
எங்கள் கடைமடைக்கு எப்படி வந்தது என்று
தண்ணீரைக் கேட்டால் சொல்லுமா?

இரண்டாம் நாள், மணி மூன்று. கரண்ட் போய் வந்தது.
நூற்று முப்பத்தொன்றாம் ஏடு
இருட்டாக விழுந்தது.
அதே விளக்கு. லென்ஸைத் துடைத்தேன்.
மறுபடியும் இருட்டு.
ஒரு ஸ்டாப் கூட்டி எடுத்தேன்.
"மேடம், இந்தப் பக்கம் மட்டும் அழுக்கு."

குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.
ஓரத்தில், வரிக்கு ஒன்றாக,
ஊசி குத்தியதுபோல் சின்னக் குறிகள்.
"சந்தேகக் குறி," என்றார்.
"இந்தக் கதை இங்கே இருக்கக் கூடாது.
யோவானில் வர வேண்டியது
லூக்காவில் வந்து ஒதுங்கியிருக்கிறது.
சில பிரதிகளில் கதையே கிடையாது."
வாய்க்கால் மாறி
அடுத்தவன் வயலில் பாய்ந்த தண்ணீர் என்று
நான் புரிந்துகொண்டேன்.

என்ன கதை?
ஒரு பெண்ணை இழுத்து வந்து நடுவில் நிறுத்துகிறார்கள்.
கூட இருந்த ஆணை இழுத்து வரவில்லை.
என்ன செய்யலாம் என்று கேட்கிறார்கள்.
அவர் பதில் சொல்லாமல் குனிந்து
விரலால் மண்ணில் எழுதுகிறார்.
"என்ன எழுதினார்?"
"இதில் இல்லை."

அழுக்கைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
கீழ்மூலை. கட்டைவிரல் விழும் இடம்.
எண்ணெய், மெழுகு, வியர்வை.
தொழுவம், சிலுவை, காலியான கல்லறை,
அந்தப் பக்கங்களெல்லாம் இதைவிடச் சுத்தம்.
குறிபோட்டவனே திரும்பத் திரும்ப இங்கே வந்தானோ,
பின்னால் வந்த எவனோ.

என் கடைக்கு ஆல்பம் ரிப்பேருக்கு வரும்.
தாலிகட்டுப் பக்கம் புதுசாகவே இருக்கும்.
கூட்டத்தில் மூலையோரம் யாரோ நிற்கும்
ஒரு பக்கம் மட்டும் கருத்துப்போயிருக்கும்.
யார் என்று நான் கேட்பதில்லை.
லேமினேஷன் போட்டுக் கொடுத்துவிடுவேன்.

அந்த ஏட்டின் மூன்றாவது படத்தில்
வரியைக் காட்ட நீட்டிய ஞானசுகிர்தத்தின் விரலும்
சேர்ந்து விழுந்துவிட்டது.
நகத்தில் சாக்பீஸ் தூள்.
எந்தச் சொல்லின் மேல் இருக்கிறது என்று கேட்டேன்.
"விரல்," என்றார்.
கொஞ்சம் கழித்து, அழித்துவிடுங்கள் என்றார்.
சரி என்றேன்.

ஒப்படைத்த பட்டியலில் அந்தப் படம் இல்லை.
பொறையாரில், என் ஹார்டு டிஸ்க்கில்,
ஒரு வளைகாப்புக்கும் ஒரு மஞ்சள்நீருக்கும் நடுவே
இருக்கிறது.